பூனையைத் தேடும் தாயும் நாகர் தலைவனும்

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1997ஆம் ஆண்டு முதல் ஜூலை 21ஆம் நாள் இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடப்பெற்று வருகிறது. அன்று மாணாக்கர் வேட்டியும் சேலையும் பாஜு குரோங்கும் சியோங்சாமும் அணிந்து வருவர். சீனச் சிறுமி பொட்டிட்டுக்கொள்வதும், தமிழ்ச் சிறுமி சியோங்சாம் அணிந்து நிழற்படத்திற்கு நிற்பதும் உண்டு. மேடையில் மலாய் ஆடல் ஒன்று, சீன ஆடல் ஒன்று, பரதம் ஒன்று என நிகழும்; முடிவில் எல்லாரும் கைகோத்து நிற்பர்; திரை விழும். கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆயினும் அந்நாளுக்குப் பின்னணியாக நிற்பது குருதி. 1964ஆம் ஆண்டு அதே ஜூலை 21ஆம் நாள், நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட கலவரத்தில் 23 பேர் மாண்டனர். 454 பேர் காயமுற்றனர். செப்டம்பரில் அது மீண்டும் தலையெடுத்தபோது மேலும் 13 உயிர்கள் போயின. ஐந்தாண்டு கழித்து 1969 மே 13ஆம் நாள் கோலாலம்பூரில் தொடங்கிய கலவரத்தில் அரசின் கணக்குப்படியே மாண்டவர் 196 பேர்.

கலையும் பண்பாடும் இனப்பகையைத் தணிக்க வல்லவை என்பது எல்லா விழாக்களிலும் முழங்கப்பெறும் கருத்து. எவ்வகைக் கலை, எவ்வாறு தணிக்கும் என்ற வினா மட்டும் எழுவது அரிது. உடையையும் ஆடலையும் காட்டும் கலை அயலானைப் பார்க்கக் கற்பிக்கிறது. ஆனால் அயலான்மீது கொள்ளும் அச்சம் அவனைப் பாராமையால் விளைந்ததன்று. 1964இல் மோதிக்கொண்டவர்கள் ஒரு சிறு தீவில் நாள்தோறும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டவர்களே. கண்டார்கள், கேட்கவில்லை. அயலானின் சொந்தப் பேச்சைக் கேட்கும் பழக்கம் இல்லாத இடத்தில், அவனைப் பற்றிப் பிறர் பேசும் பேச்சே செவியை நிறைத்துவிடும். எனவே இத்துறையில் ஒரு படைப்பை எடைபோடுவதற்கு ஏற்ற கேள்வி இதுவாகும்: அது அயலானுக்கு வாய் தருகிறதா? படிப்போர்க்கும் காண்போர்க்கும் செவி தருகிறதா?

தமிழ் மேடைகளில் இப்பொருள் எழுந்தவுடன் கணியன் பூங்குன்றனாரின் புறப்பாட்டின் முதலடி முழங்கும். கைதட்டலும் எழும். அப்பாட்டின் பிற்பகுதியில் ஆற்று நீரில் மிதந்து செல்லும் புணையையும், பெரியோரைக் கண்டு வியத்தலும் சிறியோரை இகழ்தலும் ஆகாது என்னும் முடிபையும் எட்டுகின்ற பேச்சாளர் மிகச் சிலரே. இகழாமை பற்றிய அந்த முடிபே இங்கு மிகவும் தேவைப்படுவது. முதலடியோ சொல்பவனைப் பெருமைப்படுத்துவதற்கே பெரிதும் பயன்பட்டுவிட்டது.

பழந்தமிழில் இப்பொருளுக்கு அதனினும் பொருத்தமான பகுதி மணிமேகலையின் 16ஆம் காதையில் உள்ளது. ஆதிரை பிச்சையிட்ட காதை எனப்பெறும் அப்பகுதி, ஆதிரையின் கற்பைப் போற்றுவதற்காகவே வகுப்பறைகளில் எடுத்தாளப்படுகிறது. அவள் கணவன் சாதுவனின் கதை இடையில் வந்துபோகும் கிளைக்கதையாகக் கருதப்படுகிறது. சாதுவன் பொருளையெல்லாம் கணிகையிடத்தும் சூதிலும் தொலைத்துவிட்டு, வணிகருடன் கப்பலேறுகிறான். கப்பல் உடைகிறது. பாய்மரத் துண்டொன்றைப் பற்றிக்கொண்டு, ஆடையின்றித் திரியும் நாகர் வாழும் மலைப்பக்கத்தில் ஒதுங்குகிறான். களைத்து மரத்தடியில் உறங்குபவனைக் கண்ட நாகர், நல்ல உணவு கிடைத்ததென்று அவனை எழுப்புகின்றனர். அவன் விழித்து அவர்கள் மொழியிலேயே பேசுகிறான். அவ்வளவில் காட்சி மாறிவிடுகிறது. தின்ன வந்தவர்கள் விலகி நின்று, தங்கள் தலைவனிடம் வருமாறு அவனை அழைக்கின்றனர்.

இக்கட்டத்தில் சாத்தனாரின் கலை இரண்டு திசைகளில் இழுபடுவதைக் காணலாம். நாகர் தலைவனை அறிமுகப்படுத்தும் இடத்தில் புலவரின் கண் அருவருப்பு நிறைந்த கண்ணாகவே உள்ளது. கள் காய்ச்சும் பானைகள், முடைநாறும் ஊன், உலர்ந்த எலும்புகள், அவற்றினிடையே பெண்கரடியோடு கூடியிருக்கும் ஆண்கரடிபோல மனைவியோடு வீற்றிருக்கும் தலைவன். அயலான் விலங்காகத் தீட்டப்படுகிறான். உலகெங்கும் இனவெறுப்புப் பரப்புவோர் கையாண்ட உவமை முறை இதுவே. ஆனால் அதே தலைவன் வாய் திறந்தவுடன் கரடி மறைந்துவிடுகிறது. விருந்தினனுக்கு அவன் இளம்பெண்ணையும் கள்ளையும் ஊனையும் அளிக்கச் சொல்கிறான். சாதுவன் மறுத்தபோது வெகுள்கிறான். அவையில்லாமல் வாழ்வில் என்ன பயன் உண்டென்று கேட்கிறான். மறுபிறப்பைக் கேட்டுச் சிரிக்கிறான். உடம்பைவிட்டு உயிர் எவ்வாறு வேறிடம் செல்லும் என்று விளக்கம் கோருகிறான். எல்லாம் கேட்டபின் அடிபணிந்தாலும், கள்ளும் ஊனும் விட்டால் தன் உடம்பு தாங்காது, தம்மவர்க்கு ஏற்ற அறத்தைச் சொல் என்று தன் நிலையையும் விட்டுக்கொடாமல் நிற்கிறான். சாதுவனும் அறத்தைச் சற்றுத் தளர்த்திச் சொல்ல நேர்கிறது: கப்பல் உடைந்து வருபவரைக் கொல்லற்க, மூத்து விளியும் விலங்கைத் தவிரப் பிறவற்றையும் கொல்லற்க. இது வெறும் அறிவுரையன்று. இருவர் கலந்துபேசி எட்டிய உடன்பாடு. தமிழ்க் காப்பியத்தில் ‘நாகரிகமற்ற’ அயலான் ஒருவன் சிரிக்கவும் கேட்கவும் பேரம் பேசவும் இடம்பெற்றிருப்பது எளிய செய்தியன்று.

சாதுவன் அம்மொழியை எங்குக் கற்றான் என்று புலவர் சொல்லவில்லை. புகாரின் கடற்கரை வாழ்வில் அது வியப்பும் அன்று போலும். பிற்காலத்து மலாக்காவிலும் இதே நிலை இருந்தது. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப்பெறும் முன்ஷி அப்துல்லா, தம் தந்தையார் தம்மைத் தமிழ் பயில அனுப்பியதைத் தன்வரலாற்றில் குறித்துள்ளார். வணிகர் தமிழில் கணக்கு வைத்த ஊரில் அது பயன்தரும் கல்வி. அயலார் மொழியை அன்பினால் மட்டுமே கற்க வேண்டுமென்பதில்லை. வயிற்றுப்பாட்டிற்காகக் கற்றாலும் காது திறக்கும்.

எனினும் சாதுவன் கதையில் ஒரு குறை உண்டு. கேட்டவன் நாகன், கற்பித்தவன் புகார் வணிகன். நாகரிடமிருந்து சாதுவன் பெற்றுச் செல்வன அகிலும் சந்தனமும் துணியும் பொன்னுமே. ஒரு கருத்தையேனும் அவன் பெற்றதாகக் கதை இல்லை. மேலும், மொழி தெரிந்தால் பகை தீரும் என்னும் நம்பிக்கையைக் கதை அளவுக்கு மீறி ஊட்டிவிடுகிறது. அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்த நூல் லாய்ட் பெர்னாண்டோவின் ‘ஸ்கார்ப்பியன் ஆர்க்கிட்’ என்னும் ஆங்கில நாவல். இலங்கையில் பிறந்து, சிங்கப்பூரில் வளர்ந்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக விளங்கிய பெர்னாண்டோ அதனை 1976இல் வெளியிட்டார். 1950களின் சிங்கப்பூரில் சாந்திநாதன், சப்ரான், குவான் கெங், பீட்டர் டி அல்மெய்டா என்னும் நான்கு இனத்து நண்பர்கள் ஒரே கல்விக்கூடத்தில் பயில்கின்றனர்; நால்வர்க்கும் ஆங்கிலம் பொதுமொழி. தெருவில் கலவரம் மூண்டபோது அந்நட்பு தாங்கவில்லை. நாவலின் அமைப்பில் சில இடங்கள் கலைந்து கிடப்பது உண்மை. ஆனால் பொதுமொழி ஒன்று இருந்தும் செவி இல்லாது போகலாம் என்பதை அது மழுப்பாமல் காட்டிவிடுகிறது.

பொதுமொழியே இல்லாத இருவர் சந்தித்தால் என்னாகும் என்பதை மேடையில் காட்டியவர் குவோ பாவ் குன். 1939இல் சீனாவில் பிறந்து, சிறுவயதில் சிங்கப்பூர் வந்தவர். 1965இல் தம் மனைவியும் ஆடற்கலைஞருமான கோ லே குவானுடன் கலைப்பள்ளி ஒன்றை நிறுவினார். 1976 முதல் 1980 வரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்துவைக்கப்பட்டார், குடியுரிமையும் பறிக்கப்பட்டது. அதே அரசு 1990இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கியது. 1992இல் குடியுரிமையும் திரும்பக் கிட்டியது. நாடு தன்னை அயலானாக்கியதை உடம்பால் அறிந்த ஒருவரின் நாடகம் இது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

‘அம்மா தன் பூனையைத் தேடுகிறாள்’ என்று தமிழில் சொல்லத்தக்க அந்நாடகம் 1988இல் மேடையேறியது. நடிகர்கள் கூடிப் பயிற்சிப் பட்டறையில் உருவாக்கிய நாடகம் அது. ஆங்கிலமும் மாண்டரினும் மலாயும் தமிழும் ஹொக்கியன் முதலிய சீனக் கிளைமொழிகளும் அதில் கலந்து ஒலித்தன. சிங்கப்பூரின் பன்மொழி நாடகத்திற்கு அதுவே முன்னோடி எனப் போற்றப்படுகிறது. கதை சிறிது. முதிய தாய்க்கு ஹொக்கியன் மட்டுமே தெரியும். பிள்ளைகள் ஆங்கிலத்திற்கும் மாண்டரினுக்கும் நகர்ந்துவிட்டனர். 1979இல் தொடங்கப்பெற்ற மாண்டரின் பேசும் இயக்கம் கிளைமொழிகளை வீட்டைவிட்டு ஒதுக்கி வந்த காலம் அது. பேச ஆளில்லாத தாய்க்குப் பூனையே துணை. பூனையும் காணாமற்போக, தாய் தேடிப் புறப்படுகிறாள்.

வழியில் அவள் ஒரு தமிழ் முதியவரைச் சந்திக்கிறாள். அவரும் தம் பூனையைத் தேடி வந்தவர். அவள் ஹொக்கியனில் பேசுகிறாள். அவர் தமிழில் பேசுகிறார். ஒருவர் சொல் மற்றவர்க்கு ஒன்றும் விளங்காது. ஆனாலும் கையாலும் முகத்தாலும் குரலாலும் பூனையை வருணித்து, தேடும் துன்பத்தைப் பகிர்ந்து, ஒருவர் மகிழ்ச்சியை மற்றவர் உணர்கின்றனர். பெற்ற பிள்ளைகளுக்கு எட்டாத பேச்சு வழிப்போக்கருக்கு எட்டிவிடுகிறது. நாடகம் முழுவதிலும் பார்வையாளரை மிகவும் தொட்ட காட்சி இதுவே என்பது பலர் கூற்று.

இக்காட்சியின் நுட்பம் மேடையில் மட்டும் நிகழ்வதன்று, அரங்கிலும் நிகழ்கிறது. அவையில் இருப்போருள் ஹொக்கியன் அறிந்த முதியோர்க்குத் தாயின் பேச்சு முழுவதும் விளங்கும். தமிழ் முதியவரின் பேச்சு ஓசையாகவே செல்லும். தமிழர்க்கு இது மாறி நிகழும். ஆங்கிலம் மட்டும் அறிந்த இளைஞர்க்கு இரண்டுமே ஓசை. அதிகாரமுள்ள மொழியைக் கற்றவனே அவ்வரங்கில் மிகவும் ஏழையாகிறான். சிங்கப்பூரில் தமிழர் சிறுபான்மையினர். பொது மேடைகளில் தமிழ் பெரும்பாலும் வரவேற்புச் சொல்லாகவோ அலங்காரமாகவோ ஒலித்து நின்றுவிடும். இங்கே தமிழ் கதையை நடத்துகிறது. அதை அறியாதவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியுள்ளது. அவ்வாறு சில நிமிடங்கள் காத்திருந்த பார்வையாளன், தன்னையறியாமலே அயல்மொழிக்காரனைக் கேட்கும் பயிற்சியைப் பெற்றுவிடுகிறான். ஒற்றுமை என்ற சொல்லை ஒருமுறையும் உச்சரிக்காமல் இதனைச் செய்திருப்பதே குவோவின் திறம். இந்நாடகத்தை ஒரே மொழியில் அச்சிட்டு வகுப்பறையில் படித்துக் காட்டினால் இக்காட்சியின் உயிர் போய்விடும் என்பதை ஆசிரியர்கள் கருதுதல் நன்று. ஹொக்கியன் பேசும் பாட்டி ஒருவரும் தமிழ் பேசும் தாத்தா ஒருவரும் பள்ளிக்கு வந்து நடித்துக் காட்டுவது, உடை மாற்றி நிற்பதைவிடக் கடினம், பயனோ மிகுதி.

ஆனால் தமிழ்க் கண்ணோடு நோக்குங்கால் ஒரு மனக்குறையும் தோன்றாமல் இல்லை. தாய்க்கு வீடுண்டு, பிள்ளைகள் உண்டு, கடந்த காலம் உண்டு. தமிழ் முதியவருக்கு ஒரு பூனை மட்டுமே உண்டு. அவர் தாயின் கதைக்கு உதவ வந்து, உதவியபின் விலகிவிடுகிறார். அவருடைய பிள்ளைகள் எந்த மொழிக்கு நகர்ந்தார்கள்? தமிழ்க் குடும்பங்களிலும் பேரக் குழந்தையோடு பேச ஆங்கிலம் போதாமல் வாயடைத்து நிற்கும் முதியோர் உள்ளனர். அக்கதையைச் சீன நாடகாசிரியர் எழுதவில்லை என்று குறை கூறுவது முறையாகாது. தமிழ் நாடகாசிரியர் எழுத வேண்டிய கதை அது.

குவோ மேடையில் செய்ததை, 21 ஆண்டுகளுக்குப் பின் திரையில் வேறொரு வழியில் செய்தவர் மலேசிய இயக்குநர் யாஸ்மின் அகமது. அவர் 2009இல் மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன் வெளிவந்தது ‘டேலண்ட்டைம்’. பள்ளி ஒன்றில் நடைபெறும் கலைத்திறப் போட்டியே கதைக்களம். மெலூர் என்னும் மலாய்ப் பெண் பாடகி. அவளை ஒத்திகைக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிச்செல்லும் பொறுப்பு மகேஷ் என்னும் தமிழ் மாணவனுக்கு. அவள் பேசுகிறாள், அவன் விடை சொல்வதில்லை. அவன் செருக்குடையவன் என்றெண்ணி அவள் சினந்து கடிந்துகொள்கிறாள். அவனுக்குக் காது கேளாது என்பதைப் பின்னரே அறிகிறாள். இந்த ஒரு நிகழ்ச்சியில் இனக் காழ்ப்பின் பிறப்பு முழுவதும் அடங்கியுள்ளது. அயலானின் மௌனத்திற்குத் தானே ஒரு பொருள் கற்பித்து, அப்பொருளின்மீது சினம் கொள்வது. குவோ மொழியைப் பறித்துவிட்டுக் கையசைவைத் தந்தார். யாஸ்மின் ஒலியையே பறித்துவிட்டுக் கைச்சைகையைத் தருகிறார்.

படத்தின் கடுமையான பகுதி மகேஷின் வீடு. அவன் தாய்மாமன் தம் திருமண நாளன்று, இறப்புத் துயரிலிருந்த அண்டைவீட்டு முஸ்லிம் குடும்பத்தாரோடு நேர்ந்த பூசலில் கொல்லப்படுகிறார். இக்கதையமைப்பு மலேசியர்க்கு 2001 மார்ச்சில் கம்போங் மேடானில் நிகழ்ந்த மோதலை நினைவூட்டாமல் இராது. அதில் 6 பேர் மாண்டனர். மாண்டவருள் பெரும்பாலோர் இந்தியர். அங்கு மணவீடு மலாய்க்காரருடையது, இறப்பு வீடு இந்தியருடையது. யாஸ்மின் இரண்டையும் இடம் மாற்றி வைத்துள்ளார். மலாய்ப் பார்வையாளர் துக்க வீட்டாரின் இடத்திலும், தமிழ்ப் பார்வையாளர் விழா வீட்டாரின் இடத்திலும் அமர நேர்கிறது. தம்பியை இழந்த தாய், மலாய்ப் பெண்ணை விரும்பும் மகனை அடிக்கும்போது, அவள் வெறுப்பைப் படம் நியாயப்படுத்தவுமில்லை, ஏளனம் செய்யவுமில்லை. வெறுப்புக்கும் ஒரு வரலாறு உண்டென ஒப்புக்கொண்ட பின்னரே அதனோடு பேச இயலும். நல்லிணக்க மேடைகள் அஞ்சி ஒதுங்குவது இவ்விடத்தில்தான்.

படத்தின் முடிவில் மெலூர் தன் பாட்டை நிறைவு செய்யாமலே மேடையை விட்டு இறங்குகிறாள். பின்னர் ஹாபிஸ் என்னும் மலாய் மாணவன் கிட்டாருடன் பாடும்போது, அதுவரை அவன்மீது பொறாமையும் பகையும் கொண்டிருந்த சீன மாணவன் காஹோ எர்ஹூவை ஏந்தி வந்து அருகே அமர்ந்து இசைக்கிறான். இருவர் கலையும் ஒன்றையொன்று கேட்டால்தான் அவ்விசை பொருந்தும். கைகோத்து நிற்பதற்குக் கேட்கவேண்டிய தேவையில்லை. எனினும் ஒன்று கூறாமலிருத்தல் நேர்மையாகாது. தமிழ்க் குடும்பத்தின் துயரைச் சுமக்கும் பாட்டாக யாஸ்மின் தேர்ந்தெடுத்தது இந்திப் படப் பாடல். இனிய பாடல்தான், ஆனால் மலேசியத் தமிழ் வீட்டின் அழுகைக்கு இந்தியில் ஒலிவடிவம் தந்தது, இந்தியர் எல்லாரும் ஒன்றே என்னும் பழைய மேலோட்டமான எண்ணத்தின் எச்சம். மிகக் கூரிய செவியும் ஓரிடத்தில் கேளாமற் போகக்கூடும்.

பிறர் செவியைச் சோதிக்கும் தமிழ் வாசகர், தம் எழுத்தையும் அதே கேள்விக்கு உட்படுத்த வேண்டும். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் கதைகளில் சீனர் எத்தனை முறை தவுக்கேயாக மட்டும் வந்துபோயினர்? மலாய்க்காரர் எத்தனை முறை நல்ல அண்டைவீட்டாராக வந்து, ஒரு தட்டுப் பலகாரத்தோடு விடைபெற்றனர்? கதையில் உதவிக்கு வந்து மறையும் அத்தகைய மாந்தர்க்கும் குவோவின் தமிழ் முதியவர்க்கும் வேறுபாடு மிகுதியில்லை. தீயவராகத் தீட்டாமை ஒரு நாகரிகமே. ஆனால் அவர்கள் வீட்டிற்குள் நுழைந்து, அவர்கள் தம்முள் என்ன பேசுகின்றனர் என்று கேட்டெழுதிய கதைகள் குறைவு.

இன்னும் அருகில் வேறொரு அயலான் நிற்கிறான். 2013 டிசம்பர் 8ஆம் நாள் இரவு, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் பேருந்தில் அடிபட்டு ஒரு தமிழகத் தொழிலாளர் மாண்டதையடுத்துக் கலவரம் மூண்டது. அதன்பின் வெளிநாட்டுத் தொழிலாளர்மீது எழுந்த வெறுப்புப் பேச்சில், உள்ளூர்த் தமிழர் குரலும் கலந்தே ஒலித்தது. தாங்கள் வேறு, அவர்கள் வேறு என்று விலக்கிக் காட்டும் அவசரம் அதில் இருந்தது. பாட்டன் காலத்தில் அதே கப்பலில், அதே கூலியாக வந்தவரின் பேரர்கள் அவ்வாறு பேசினர். இங்கே மொழி ஒன்று, எழுத்து ஒன்று, படிக்கும் பாடநூலின் திருக்குறளும் ஒன்று. பூனையைத் தேடிய இருவர்க்கு இல்லாதனவெல்லாம் இவர்களுக்கு உண்டு.

2014ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர்க்கெனக் கவிதைப் போட்டி ஒன்று தொடங்கியது. முதலில் வங்காளத் தொழிலாளர் எழுதினர். பின்னர்த் தமிழிலும் பிற மொழிகளிலும் எழுதுவோர் வந்து சேர்ந்தனர். கட்டுமானத் தளத்தில் பகலெல்லாம் உழைத்தவர்கள் மேடையேறித் தம் கவிதையைத் தம் மொழியிலேயே படித்தனர். அக்கவிதைகள் அனைத்தும் சிறந்தவை என்று கூறுவதற்கில்லை. இலக்கணப் பிழைகளும் சில உண்டு. பாடநூல்களில் தாய்நாட்டுப் பெருமை பேசும் கவிதைகளுக்கு இடம் இருக்கையில், தமிழ் வகுப்புக்கு எதிரே உள்ள கட்டடத்தில் சாரம் கட்டிக்கொண்டிருப்பவர் எழுதிய கவிதைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். ஆசிரியர் விரும்பினால் அவரையே அழைத்துப் படிக்கச் சொல்லவும் கூடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு ஓய்வு.